வாய்த்த தொழிலும் தேர்ந்த தொழிலும்

“இந்தப் பிள்ளைக்கு ஏற்ற தொழில் எது?” என்னும் வினா இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நாள்தோறும் எழுவது. பெற்றோர் கேட்கின்றனர், ஆசிரியர் கேட்கின்றனர், அதற்கென்றே அமர்த்தப்பெற்ற வழிகாட்டுநரும் கேட்கின்றனர். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டமையால், இவ்வினா என்றும் இருந்துவந்தது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. தமிழர் சிங்கப்பூரில் கால்வைத்து 200 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவற்றுள் பெரும்பகுதியில், ஒருவனுடைய விருப்பம் யாது, இயல்பு யாது என்று கேட்டு அவனுக்குத் தொழில் வகுத்தவர் மிகச் சிலரே. முதலில் ஊரும் உறவும் அவன் தொழிலை முடிவு செய்தன. அடுத்து, அவன் படித்த பள்ளியின் மொழி முடிவு செய்தது. பின்னர்த் தேர்வு மதிப்பெண் முடிவு செய்தது. பிள்ளையின் இயல்பு வரிசையின் கடைசியில் நின்றது.

இவ்வரிசை மெல்ல மெல்ல மாறிய கதை தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியது. தொழிலுக்கும் தமிழ்க்கல்விக்கும் உள்ள தொடர்பை அது காட்டுகிறது. தொழிலுக்குச் செல்லும் வழி அடைபட்டபோது தமிழ்ப் பள்ளியின் வாயிலும் அடைபட்டது என்பதே அக்கதையின் நடுப்பகுதி.

ஊரும் உறவும்

1819ஆம் ஆண்டு மே மாதம் இராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் கப்பலேறி வந்தவர் நாராயணபிள்ளை. பினாங்கில் எழுத்தர் பணி பார்த்தவர் அவர். புதிய ஊரில் வீடு கட்டச் செங்கல் இல்லை என்பதைக் கண்டு சூளை அமைத்தார்; கட்டட ஒப்பந்தங்களை ஏற்றார்; துணி வணிகமும் செய்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழக் காரணமானவரும் அவரே. எழுதுகோல் பிடித்தவர் செங்கல் அறுக்கத் துணிந்தது அவர்தம் முனைப்பைக் காட்டுகிறது. ஆனால், அவரைப் போலத் தாமே தொழிலை மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்குப்பின் வந்த பல்லாயிரவர்க்கு இல்லை.

பின்வந்தோரின் தொழில் பெரும்பாலும் கப்பலேறுமுன்பே முடிவாகியிருந்தது. செட்டிநாட்டு இளைஞன் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிக்கு வந்தான். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகு பொறுப்பேற்கும் மேலாளாவது அவன் வழி. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உறவினர் இருந்த இடத்தைச் சார்ந்து தங்கிச் சிறுவணிகமும் கூலிவேலையும் செய்தனர். யாழ்ப்பாணத்தார் வழி வேறு. அங்கே 1823இல் அமெரிக்கப் பாதிரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய கல்விக்கூடமும், அதனைத் தொடர்ந்த பள்ளிகளும் ஆங்கிலம் கற்ற இளைஞரை உருவாக்கின. அவ்விளைஞர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரசு அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் எழுத்தராக அமர்ந்தனர். தமிழகச் சிற்றூர்களிலிருந்து வந்த உழைப்பாளர் நகராண்மைக் கழகத்தின் சாலைப்பணியிலும் துப்புரவுப் பணியிலும், துறைமுகத்திலும், பிற்காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் சேர்ந்தனர்.

சிராங்கூன் சாலைப் பகுதியின் பழம்பெயர்களே இதற்குச் சான்று. தமிழர் அதனைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே எரிந்தன. அதே பொருளில் மலாய்மொழியில் கம்போங் காப்பூர் என்ற பெயர் நிலைத்தது. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்னும் பெயர்கள் அங்கே நடந்த எருமை, மாட்டு வணிகத்தை நினைவூட்டுகின்றன. சற்று அப்பால் உள்ள டோபி காட் சலவைத் தொழிலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மனிதர் பெயரைவிடத் தொழிலின் பெயரே ஊரின் பெயராயிற்று.

இம்முறை முழுதும் தீயதென்று கூறிவிடலாகாது. அயல்நாட்டில் வந்திறங்கியவனுக்கு உறங்க இடமும், உண்ணச் சோறும், கற்றுக்கொடுக்க ஒரு மூத்தவரும் உடனே கிடைத்தனர். கிட்டங்கியில் பயின்ற இளைஞனுக்குக் கணக்கில் இருந்த தேர்ச்சி பள்ளிப் படிப்பால் எளிதில் வருவதன்று. குறை ஒன்றுதான்: கணக்கில் மனம் ஒட்டாத செட்டிப்பிள்ளையும், கணக்கில் கூர்மை வாய்ந்த துப்புரவாளர் மகனும் தத்தம் இடத்திலேயே நின்றனர்.

சிறைக்குள் ஒரு தொழிற்பள்ளி

இக்காலத்தில் தொழிலை முறையாகக் கற்பித்த இடம் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடமன்று, சிறைச்சாலை. 1825இல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்தனர். பிராஸ் பசா சிறையில் அவர்களுள் பலர் கொத்துவேலை, தச்சுவேலை, கொல்லுவேலை, நெசவு, அச்சுவேலை முதலியவற்றைப் பயின்றனர். அவர்களுடைய உழைப்பால் எழுந்தவை செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869இல் முடிவுற்ற ஆளுநர் மாளிகையும். அம்மாளிகையே இன்றைய இஸ்தானா. சிறைப்பணிக்குத் தலைமை தாங்கிய மெக்நேர் என்பவர் இம்முறையை விளக்கி 1899இல் ஒரு நூலே வெளியிட்டார்.

1873இல் அச்சிறைமுறை முடிவுற்றது. விடுதலை பெற்றுத் தங்கிவிட்டவர் மாடு வளர்த்தும், வண்டி ஓட்டியும், கற்ற கைத்தொழிலைச் செய்தும் பிழைத்தனர். தண்டனையாகக் கற்ற தொழில் அவர்களுக்கு வாழ்வாயிற்று. பயிற்சி தந்தால் எவனும் தொழில் வல்லவனாகலாம் என்பதை அந்தச் சிறை மெய்ப்பித்தது. ஆயினும், அந்தப் பாடத்தைச் சிறைக்கு வெளியே இருந்த பள்ளிகள் நெடுங்காலம் கற்கவில்லை.

பள்ளிமொழி வகுத்த வழி

இருபதாம் நூற்றாண்டில் ஊருக்கும் உறவுக்கும் பதிலாகப் பள்ளியின் மொழி தொழிலை வகுக்கத் தொடங்கியது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவனுக்கு அலுவலகம். தமிழ்ப் பள்ளியில் படித்தவனுக்குக் கடை, துறைமுகம், நகராண்மைக் கழகம் என ஆயிற்று. மிகச் சிலர் தமிழாசிரியராகவும் பத்திரிகைப் பணியாளராகவும் ஆயினர்.

நீரிணைக்கு அப்பால், மலாயாத் தோட்டங்களில் இந்நிலை இன்னும் கடுமையாக இருந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. ஆனால், அவற்றில் படித்து முடித்த பிள்ளைக்கு எதிரே இருந்தது பால்மரம் ஒன்றே. எழுத்தறிவைத் தந்த பள்ளி தோட்டத்தை விட்டு வெளியேறும் வழியைத் தரவில்லை. சிங்கப்பூரில் நகரம் இருந்தது. ஆயினும் தமிழ்ப் பள்ளியின் முன் நின்ற சுவர் ஏறத்தாழ அதே சுவர்தான்.

அச்சுவரைத் தகர்க்கும் முயற்சிகளும் நடந்தன. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. 1956இல் அனைத்துக் கட்சிக் குழு, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் ஒப்ப நடத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1960இல் முதல்முறையாக நடைபெற்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வைத் தமிழிலும் எழுத முடிந்தது. அதே ஆண்டில் உமறுப்புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாயிற்று. தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி சிங்கப்பூரில் அதுவே.

எனினும், 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. தமிழின்மீது பெற்றோர்க்குப் பற்று குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் கூறுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி முடித்த மாணவன் தொழிற்கூடத்திற்கோ பல்தொழிற் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ செல்ல வேண்டுமாயின், அங்கெல்லாம் ஆங்கிலமே காத்திருந்தது. தன் பிள்ளையின் சோற்றை எண்ணிய தந்தை ஆங்கிலப் பள்ளியைத் தேர்ந்தான். அவனைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தையே முதல்மொழியாகக் கொண்டன. தமிழ், தாய்மொழிப் பாடமாக நிலைத்தது. உமறுப்புலவர் பெயர் இன்று தமிழ்மொழி நிலையம் ஒன்றில் வாழ்கிறது.

வழி மாறிய மூவர்

வகுத்த வழியை விட்டு விலகித் தம் இயல்பின் வழியே நடந்தவரும் இக்காலத்தில் இருந்தனர். திருவாரூரிலிருந்து 1924இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி தொடக்கத்தில் கணக்குவேலை பார்த்தவர். அவர் மனம் பேரேட்டில் நிற்கவில்லை. எழுத்திலும் சீர்திருத்தத்திலும் நின்றது. 1935இல் அவர் தமிழ் முரசைத் தொடங்கினார். வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த எஸ். ராஜரத்தினம் சட்டம் படிக்க இலண்டன் சென்றார். போர்க்காலத்தில் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. அவர் எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். சிங்கப்பூர் திரும்பியபின் பத்திரிகையாளராக விளங்கிய அவர், 1965இல் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். மூன்றாமவர் கோவிந்தசாமி பிள்ளை. 1905இல் சிங்கப்பூர் வந்து, மளிகைக் கடையொன்றில் கூலியின்றிச் சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும் உழைத்தவர் அவர். பின்னர் அந்தக் கடையையே வாங்கிச் சிராங்கூன் சாலையின் பெருவணிகராக உயர்ந்தார்.

இம்மூவர் வரலாற்றையும் மேடைகளில் கூறி, “முயன்றால் முடியும்” என்று மாணவர்க்கு அறிவுரை சொல்வது எளிது. ஆனால், வரலாற்றை ஆராய்வோர் மறுபக்கத்தையும் காணவேண்டும். வென்றவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. எழுதவல்ல இயல்போடு மூட்டை சுமந்தே முதுமை எய்தியவர் பெயர் எங்கும் இல்லை. மூவர்க்குத் தற்செயலாக வாய்த்தது முந்நூறு பேர்க்கு முறையாக வாய்க்கும்படி செய்வதே தொழில் வழிகாட்டலின் நோக்கம்.

பாஸ்டன் நகர் எழுப்பிய வினா

அத்தகைய முறையை முதலில் வகுத்துக் கூறியவர் அமெரிக்கராகிய பிராங்க் பார்சன்ஸ். அவரே பொறியாளராகவும், ஆசிரியராகவும், வழக்கறிஞராகவும் மாறி மாறித் தொழில் பார்த்தவர். பாஸ்டன் நகரில், குடியேறி வந்த ஏழை மக்கள் நிறைந்த பகுதியில், 1908ஆம் ஆண்டு சனவரியில் தொழில்தேர்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்த நூல் 1909இல் வெளிவந்தது. அவர் கூறிய நெறி மூன்று படிகளை உடையது: இளைஞன் முதலில் தன்னை அறியவேண்டும்; அடுத்துத் தொழில்களின் தன்மையை அறியவேண்டும்; பின் இரண்டையும் பொருத்தி எண்ணவேண்டும்.

ஆளை அறிந்து வினையை ஒப்படைத்தல் தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே உண்டு. ஆனால், அங்கே ஆராய்ந்து தேர்பவன் அரசன், தேரப்படுபவன் பணியாளன். பார்சன்ஸ் நெறியில் தேர்பவனும் தேரப்படுபவனும் அந்த இளைஞனே. ஆராயும் உரிமை அரசனிடமிருந்து பணியாளனிடம் வந்ததே இருபதாம் நூற்றாண்டின் மாற்றம் எனலாம்.

1927இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஸ்ட்ராங் விருப்பங்களை அளக்கும் வினாத்தாளை அமைத்தார். 1959இல் ஜான் ஹாலண்ட் மனிதரையும் தொழிற்சூழலையும் ஆறு வகையாகப் பகுத்தார். கருவிகளோடு உழைப்பதில் மகிழ்வோர், ஆராய்வதில் மகிழ்வோர், கலை படைப்போர், பிறர்க்குக் கற்பித்தும் உதவியும் மகிழ்வோர், முன்னின்று செயலை நடத்துவோர், கணக்கையும் ஏட்டையும் ஒழுங்குறக் காப்போர் என்பன அவ்வாறு. ஒருவரிடம் இவற்றுள் இரண்டு மூன்று கலந்திருப்பதே இயல்பு. சிராங்கூன் சாலையில் இந்த ஆறு வகையினரும் என்றும் இருந்தனர். ஆனால், ஒருவன் எவ்வகையினன் என்று அங்கே கேட்கப்படவில்லை; அவன் எந்த ஊரான், யாருக்கு உறவினன் என்பதே கேட்கப்பட்டது.

இவ்வளவுகோல்களும் குறையற்றவை அல்ல. ஸ்ட்ராங் வினாத்தாள் ஆடவர்க்கு ஒன்றாகவும், 1933 முதல் மகளிர்க்கு வேறொன்றாகவும் இருந்தது. 1974இல்தான் இரண்டும் ஒன்றாயின. ஒரு பெண் எந்தத் தொழிலை விரும்பலாம் என்பதை அவள் வாய்திறக்குமுன்பே தாள் முடிவு செய்திருந்தது. பிள்ளைக்குக் காட்டப்படாத தொழிலை அப்பிள்ளை விரும்ப முடியாது. இதனை ஆசிரியர் மறத்தலாகாது.

மதிப்பெண் ஆண்ட காலம்

இக்கருத்துகள் மேலைநாட்டில் வளர்ந்த காலத்தில், சிங்கப்பூரின் கவலை வேறாக இருந்தது. வேலை இல்லாதோர் மிகுதி. 1968இல் பிரிட்டிஷார் தம் படைத்தளங்களை விரைவில் மூடப்போவதாக அறிவித்தனர். தளங்களை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களுள் தமிழ், மலையாளக் குடும்பங்களும் பல. கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் கப்பல்கட்டும் நிறுவனமாக மாறியது. அரசு தொழிற்சாலைகளுக்கு ஆள்தேடியது. 1969இல் உயர்நிலை முதலிரு வகுப்புகளில் எல்லா மாணவர்க்கும் தொழில்நுட்பப் பாடம் கட்டாயமாயிற்று. மாணவியருள் பாதிப்பேர்க்கும் அவ்வாய்ப்புக் கிடைத்தது. பசித்த வீட்டில் விருப்பத்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்ற நிலை அது.

1979இல் கோ கெங் சுவீ குழுவின் அறிக்கை வெளிவந்தது. கல்வியில் ஏற்படும் வீணடிப்பு தொடக்க நிலையில் 29 விழுக்காடு, உயர்நிலையில் 36 விழுக்காடு என அது கணக்கிட்டது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் ஓட்டியதே காரணம் என்று கண்டு, தரம் பிரிக்கும் முறையை வகுத்தது. உயர்நிலைப் பள்ளியில் சிறப்பு, விரைவு, வழக்கநிலை என்னும் பிரிவுகள் 1981இல் தொடங்கின. பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் குறைந்தனர். இது சிறு நன்மையன்று.

ஆனால், வேகத்தை அளக்க வந்த அளவுகோலை மக்கள் ஆளை அளக்கும் அளவுகோலாக்கிவிட்டனர். விரைவுப் பிரிவினன் ‘கெட்டிக்காரன்’. வழக்கநிலையினன் ‘மட்டம்’ என்ற பேச்சு வீடுகளில் எழுந்தது. மதிப்பெண் மிக்கவன் மருத்துவம் அல்லது சட்டம். குறைந்தவன் தொழிற்கல்வி என்று வரிசை கட்டப்பட்டது. இயந்திரத்தைக் கண்டால் முகம் மலரும் பிள்ளை அதனை மறைக்கக் கற்றான். தொழிற்கல்விக் கூடம் அவன் விருப்பத்தின் இடமாக அன்றித் தோல்வியின் இடமாகக் கருதப்பட்டது. பழங்காலத்தில் ஊரும் உறவும் செய்ததையே இப்போது மதிப்பெண் செய்தது.

இந்திய மாணவரின் பின்னடைவை ஆராய்ந்த குழுவின் அறிக்கையை ஒட்டி 1991இல் சிண்டா நிறுவப்பெற்றது. துணைப்பாட வகுப்புகள் வழி அது ஆற்றிவரும் பணி பெரிது. முதலில் தேர்ச்சி, பிறகே தேர்வு என்பது அன்றைய நிலைமைக்கு வேண்டியிருந்தது.

வாயில்கள் பலவாயின

புத்தாயிரத்தில் காற்று திசைமாறியது. 1992இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்விக் கழகம் பெருங்கட்டடங்களும் நல்ல கருவிகளும் பெற்று மதிப்பில் உயர்ந்தது. விளையாட்டுக்கென 2004இலும், கணித அறிவியலுக்கென 2005இலும், கலைகளுக்கென 2008இலும் தனிப்பள்ளிகள் எழுந்தன. பல்தொழிற் கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் பற்றிய மறுஆய்வுக் குழு, கல்வி, தொழில் வழிகாட்டலை வலுப்படுத்த வேண்டும் என 2014இல் கூறியது. அதன்பின் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டுநர் வந்தனர். 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தோன்றியது. இறுதித் தேர்வு முடிவு வருமுன்பே, விருப்பத்தையும் திறத்தையும் நேர்முகத்தில் ஆராய்ந்து இடம் தரும் முறையைப் பல்தொழிற் கல்லூரிகள் 2016இல் விரிவாகத் தொடங்கின. 2024இல் உயர்நிலை முதல் வகுப்பில் சேர்ந்தோர்க்கு விரைவு, வழக்கநிலை என்னும் பிரிவுகளே இல்லை. ஒரு மாணவன் பாடத்திற்குப் பாடம் தன் தகுதிக்கேற்ற நிலையில் பயில்கிறான்.

தமிழுக்கும் இக்காலம் சில வாயில்களைத் திறந்துள்ளது. வானொலி, 2008இல் முழுநேர ஒளிவழியாக மலர்ந்த வசந்தம், நாளிதழ், மொழிபெயர்ப்பு, நீதிமன்ற உரைபெயர்ப்பு, ஆசிரியப் பணி ஆகியவற்றில் தமிழறிவு ஊதியம் தருகிறது. முன்பு தமிழ் மட்டும் கற்றவனுக்கு வழியில்லை. இன்று தமிழும் ஆங்கிலமும் தெளிவுறக் கற்றவனுக்கு வழி உண்டு. ஆனால், அவ்வழி உண்டென்பதைப் பிள்ளைக்கு யாரேனும் காட்டவேண்டும்.

ஆசிரியர் காண வேண்டியவை

வாயில்கள் பலவானதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இரு வாயில் இருந்தபோது தவறாக நுழைந்தவன் விதியை நொந்தான். இருபது வாயில் இருக்கும்போது தன்னையே நொந்துகொள்வான். வினாத்தாளை நிரப்பும் மாணவன் தன் விருப்பத்தை எழுதுகிறானா, தோழன் விருப்பத்தை எழுதுகிறானா, தாயின் கனவை எழுதுகிறானா என்பது தாளுக்குத் தெரியாது. பழகிய ஆசிரியர்க்குத் தெரியும்.

அவ்வாசிரியருள் தமிழாசிரியர்க்குத் தனியிடம் உண்டு. பிள்ளை வீட்டுமொழியில் பேசும் வகுப்பு அவருடையது. நாடகத்தில் நடிக்க முந்துபவன் யார், நடிக்காமல் மேடையமைப்பையும் விளக்கையும் சரிசெய்துகொண்டிருப்பவன் யார், சொல்லின் வேரைத் துருவிக் கேட்பவள் யார், பின்தங்கிய தோழிக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுப்பவள் யார் என்பதையெல்லாம் அவர் காண்கிறார். ஹாலண்டின் ஆறு வகையும் அவர் கண்முன் நாள்தோறும் நடமாடுகின்றன. கண்டதைக் குறித்துவைத்து, ஓராண்டுக்கு ஒருமுறையேனும் வழிகாட்டுநரிடம் கூறினால், எந்தத் தாளும் தராத செய்தி அப்பிள்ளைக்குக் கிடைக்கும். ஒருநாள் கண்டதைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பிள்ளை வளர வளர விருப்பமும் மாறும்.

பெற்றோரிடம் பேசவும் அவரே ஏற்றவர். “மகன் சமையற்கலை பயில விரும்புகிறான்” என்று கேட்டு மனம் உடையும் தந்தையிடம், அத்தொழிலின் படிப்பு, ஊதியம், உயர்வு ஆகியவற்றைத் தமிழில் அமைதியாக எடுத்துரைத்தால் பாதி அச்சம் நீங்கும். அத்தந்தையின் அச்சம் அறியாமையன்று. கூலிவேலையின் கடுமையைக் கண்ட தலைமுறையின் நினைவு அது. அதனை மதித்தே பேசவேண்டும். அதே வேளையில், மகளுக்குப் பொறியியல் வேண்டாம் என்றும் மகனுக்குச் செவிலியர் பணி வேண்டாம் என்றும் தடுக்கும் பழக்கத்தை, அளவுகோல்களே 1974இல் கைவிட்டுவிட்டன என்பதையும் சொல்லவேண்டும்.

சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவரிடமும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரிடமும் எவரும் வந்து, “உனக்கு எது பிடிக்கும்? உனக்கு எது வரும்?” என்று கேட்டிலர். அவர்தம் கொள்ளுப்பேரர் இன்று வகுப்பில் அமர்ந்துள்ளனர். அவர்களிடம் இவ்விரு வினாக்களையும் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பது ஆசிரியர் கடமை.